வாடிக்கையாளர் தரவும் வணிகர் பொறுப்பும்



பில் போடும்போது கைப்பேசி எண் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. தர மறுப்பவரை ஐயத்துடன் நோக்கும் கடைகளும் உண்டு. அது நல்ல வணிகமன்று. அவ்வெண்ணைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்பதை வரையறுப்பதே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததன் வழிவந்தது அது.

சட்டமே ஒரு மருந்துக்கடையை எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. மருந்து வாங்கிய ஒருவர், ரசீதைக் கைப்பேசிக்கு அனுப்புமாறு கேட்டு எண்ணைத் தருகிறார். கடைக்காரர் ரசீதை அனுப்பலாம். தீபாவளித் தள்ளுபடிச் செய்தி அனுப்பவோ, தனி இசைவு வேண்டும். இசைவு தந்த அதே எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் வழியிருத்தல் வேண்டும்.

காகிதப் பேரேடு இச்சட்டத்துள் வாராது. கணினியில் ஏற்றினால் வரும். குறுஞ்செய்திப் பணியை வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்து, அங்கே தரவு கசிந்தாலும் சட்டத்தின் முன் விடை கூறவேண்டியவர் கடைக்காரரே. தக்க பாதுகாப்பின்மைக்குத் தண்டம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் எடைபோட்டே வாரியம் தொகையை முடிவு செய்யும். பதினெட்டு வயது நிரம்பாதோர் தரவுக்குப் பெற்றோர் இசைவு தேவை.

விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வணிகரின் முதன்மைக் கடமைகள் 18 திங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. பழைய பட்டியல்களுக்கும் விலக்கில்லை: முன்பே இசைவு தந்தோர்க்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அதைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் தரவேண்டும்.