விஞ்ஞான ஆராய்ச்சியும் மக்களின் வரிப்பணமும்

ஒரு சோப்புக்கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் அரசுக்கு வரி செலுத்துகிறார். எனவே, விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அரசு வழங்கும் மானியத்தில் அவருடைய பணமும் அடங்கியுள்ளது. பள்ளிக்கும் குடிநீருக்கும் நிதி போதாத நாட்டில், பயன் கிட்டுமா என்று எவரும் உறுதி கூற இயலாத ஆய்வுக்கு அப்பணத்தைச் செலவிடுவது முறையா? இக்கேள்வி நியாயமானதே, "விஞ்ஞானம் வளர வேண்டும்" என்ற பொதுவான வாசகம் இதற்கு விடையாகாது.

கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸை எடுத்துக்கொள்ளலாம். 1985-86இல் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் எம். கே. பானும் அவருடைய சகாக்களும் ஒரு விந்தையைக் கண்டனர். பச்சிளங்குழந்தைகள் சிலருக்கு இவ்வைரஸ் தொற்றியிருந்தும் நோய்க்குறி எதுவும் தோன்றவில்லை. பின்னாளில் கடும் நோயும் அவர்களை அவ்வளவாகத் தாக்கவில்லை. அக்குழந்தைகளிடம் கிடைத்த 116ஈ என்ற வகையே தடுப்பு மருந்துக்கு மூலமாயிற்று. ஆனால், அம்மருந்துக்கு உரிமம் கிடைத்தது 2014இல்தான்! லாபநோக்குள்ள எந்த நிறுவனம் முதல் நாளிலேயே பணம் போட்டு 28 ஆண்டுகள் காத்திருக்கும்?

அரசு மட்டுமே இதனைச் சாதித்தது என்பதும் பொருந்தாது. ஹைதராபாதைச் சேர்ந்த பாரத் பயோடெக் நிறுவனம் மருந்தை உருவாக்கித் தயாரித்தது. வெளிநாட்டு அமைப்புகளும் நிதி உதவின. டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடைபெற்றது. முதலாண்டில் கடும் நோயைத் தடுக்கும் திறன் சுமார் 56 விழுக்காடு. இது முழுக் கவசமன்று. எனினும், ஒரு தவணை ஒரு டாலர் என்ற குறைந்த விலையை நோக்கமாகக் கொண்டதால், 2016இல் நான்கு மாநிலங்களில் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இதனைச் சேர்க்க இயன்றது.

ஏழைகளின் நோய்க்கான மருந்தும், உழவர் தாமே சேமித்து மீண்டும் விதைக்கக்கூடிய மானாவாரி விதையும் சந்தையைப் பெரிதும் ஈர்ப்பதில்லை. பொது நிதியின் இடம் இங்கேதான். இத்தகைய ஆய்வுகளிற் பல தோல்வியுறும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2020-21இல் ஆராய்ச்சிக்கு நம் நாடு செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, அதில் தனியார் துறையின் பங்கு சுமார் 36 விழுக்காடு. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திட்டமிடப்பட்டது. இதில் 36,000 கோடி தனியார் முதலிய பிற வழிகளிலிருந்து வருமென எதிர்பார்க்கப்பட்டது. அவ்வாறு வரும் பணமும் விரைந்து பலன் தரும் துறைகளையே நாடக்கூடும் என்பதைத் திட்டமிடுவோர் மறத்தலாகாது.

வரி செலுத்துவோருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆய்வாளரின் ஊதியமும் கருவியும் வரிப்பணத்தில். முடிவு வெளியாகும் சஞ்சிகைக்குச் சந்தாவும் வரிப்பணத்தில். 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு இச்சந்தாவுக்கென மத்திய அரசு ஒதுக்கியது 6,000 கோடி ரூபாய். கல்லூரி மாணவர் பயனடைவர் என்பது மெய்யே. சோப்புக்கட்டி வாங்கியவர் கையில் என்ன கிடைக்கிறது? மானியம் பெறும் ஒவ்வோர் ஆய்வும், தோல்வியுற்றதாயினும், தன் முடிவை இரண்டு பக்கங்களில் அந்தந்த மாநில மொழியில் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மானியம் வழங்கும் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.