சொன்னதும் சொல்லாததும்

செய்தித்தாள், வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றின் வாயிலாக நம்மை வந்தடையும் செய்திகளை ஆராய்ந்து படிப்பது இன்று கல்லூரிகளில் தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. அப்பாடத்தைத் தொடங்கும் மாணவர் முதலில் பழகவேண்டிய பழக்கம் ஒன்றுண்டு. அதை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவனே.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரத்தில் நான் ஆசிரியராகப் பணியாற்றிவந்தேன். காலை இறைவணக்கக் கூட்டத்தில் நாளேட்டிலிருந்து சில செய்திகளைப் படித்துக் காட்டுவது என் பொறுப்பு. ஒருநாள், பட்டுத் தறிகள் நின்றுவிட்டன என்றும், சேலை விலை ஏறிவிட்டது என்றும் வந்திருந்த செய்தியைப் படித்தேன். படித்ததோடு நில்லாமல், உழைக்கச் சோம்புவதால் ஊருக்கு விளையும் கேட்டைப் பற்றிச் சிறிது அறிவுரையும் கூறினேன்.

கூட்டம் கலைந்தபின், பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"ஐயா, எங்கள் வீட்டுத் தறி நிற்பது உண்மைதான். ஆனால் அப்பா அதை நிறுத்தவில்லை. முதலாளியிடமிருந்து பாவு வரவில்லை" என்றான்.

அன்று மாலை அச்செய்தியை மீண்டும் எடுத்துப் படித்தேன். அதில் பொய் ஏதும் இல்லை. தறிகள் நின்றன என்பது ஒரு வாக்கியம். விலை ஏறியது என்பது மற்றொரு வாக்கியம். நெசவாளர்தாம் தறியை நிறுத்தினார்கள் என்று இடையில் கூட்டிக்கொண்டவன் நான். வணிகர் இருவர் கூறியது அதில் இருந்தது; நெசவாளர் ஒருவரையேனும் கேட்டதாக ஒரு சொல்லும் இல்லை. காலையில் அக்குறை என் கண்ணில் படவில்லை. மறுநாள் அதே கூட்டத்தில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். ஆயினும், தன் தந்தையைச் சோம்பேறி என்று ஆசிரியர் கூறக் கேட்டு அப்பிள்ளை தலைகுனிந்து நின்ற அந்தச் சில நிமிடங்களை என்னால் திரும்பப் பெற இயலுமா?

சில நாட்கள் கழித்து, வகுப்பு மாணவர்களை அருகிலுள்ள கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய கற்றளி அது. அங்கே மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதே நூற்றாண்டில் காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பொறித்தது. காஞ்சியை வென்றபின் இக்கோயிலின் செல்வத்தைக் கண்ட அவன், அதைக் கவர்ந்து செல்லாமல் இறைவனுக்கே திரும்ப அளித்தான் என்று அது கூறுகிறது.

இதே மன்னனைப் பற்றி அவன் நாட்டிலுள்ள பட்டடக்கல்லிலும் கல்வெட்டு உண்டு. அவன் அரசி லோகமாதேவி எழுப்பிய அக்கோயிலில், காஞ்சியை மும்முறை வென்றவன் என்று அவன் புகழப்படுகிறான். மன்னன் ஒருவனே. தோற்றவர் ஊரில் அவன் கொடையே முன்னிற்கிறது. தன் ஊரில் வெற்றியே முன்னிற்கிறது. கேட்போர் மாறினால் செய்தியின் முகமும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

"அப்படியானால் கோயில் தூணில் உள்ளது பொய்யா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

நல்ல கேள்வி. வென்றவன் தன்னைப் பற்றித் தானே எழுதியது என்பதற்காக அதைப் பொய்யென்று தள்ளிவிடலாகாது. கோயில் இடிபடாமல் இன்றும் நம் கண்முன் நிற்கிறதே, அதுவும் ஒரு சாட்சிதான். ஆனால் அப்போரில் மாண்டவர் எத்தனை பேர், வீடிழந்தவர் எத்தனை பேர் என்பதை அத்தூண் சொல்லவில்லை. அதைத் தூணிடம் கேட்டுப் பயனில்லை, வேறிடத்தில் தேடவேண்டும். ஐயுறுவது எளிது. ஐயுற்றபின் தேடிச் செல்வதே கல்வி.

ஆகவே, எந்தச் செய்தியையும் நான்கு கேள்விகளோடு அணுகுங்கள். சொல்பவர் யார்? யாருக்குச் சொல்கிறார்? எதற்காகச் சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விட்டார்? இவற்றோடு, என் அனுபவம் தந்த ஐந்தாவது கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவர் சொல்லாத எதை நானாகவே கூட்டிக்கொண்டேன்?

பட்டுச்சேலை விளம்பரம் ஒன்றை எடுத்துப் பயிலலாம். மணப்பெண் சிரிக்கிறாள், பின்னே கோபுரம் தெரிகிறது, 'தூய பட்டு' என்ற முத்திரையும் இருக்கிறது. உடனே நம் மனம் அதைக் காஞ்சிபுரத்துக் கைத்தறி என்று முடிவு செய்துவிடுகிறது. ஆனால் 2004ஆம் ஆண்டில் வந்த சில்க் மார்க் முத்திரை, பட்டு தூயது என்பதை மட்டுமே உறுதி கூறும். கைத்தறியில் நெய்ததைக் காட்டும் முத்திரை வேறு. அது 2006இல் வந்தது. ஜரிகையின் தரத்தைத் தனியே சோதித்தறிய வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு, இருவர் தறியில் அமர்ந்து மூன்று நாடாக்களை ஓட்டி, ஒவ்வோர் இழையாகக் கரையைக் கோக்கிறார்கள். அந்த இருவரும் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறார்கள்?

இன்று உங்கள் கைப்பேசியில் நாள்தோறும் செய்திகள் வந்து குவிகின்றன. ஒன்றைப் பிறருக்கு அனுப்ப விரல் நீளும்போது நீங்களும், அன்று நான் நின்றதுபோலவே, கூட்டத்தின் முன் செய்தி படிப்பவர் ஆகிறீர்கள். அக்கூட்டத்தில் யாருடைய பிள்ளை நிற்கிறதோ, நமக்குத் தெரியாது. ஒரு நிமிடம் பொறுத்து, அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப்பார்த்து, பிறகு அனுப்புங்கள்.