மைசூர்ப் பட்டும் நாமும்



இழை ஓடிய வழி கண்ணுக்குப் புலப்படாத, பாம்பின் தோல் போன்ற மெல்லிய ஆடையைக் கரிகாலன் பொருநனுக்கு அளித்தான் என்று பொருநராற்றுப்படை பகர்கின்றது. அது பருத்தியோ பட்டோ, புலவர்கள் வாதிடட்டும். அத்தகைய மென்மை கற்பனையன்று என்பதற்கு நாம் வாழும் இந்நகரின் நெசவாலையே சான்று.

திப்பு சுல்தான் வங்கத்திலிருந்து பட்டுப்புழுவைத் தருவித்தார். 1896இல் ஜம்ஷெட்ஜி டாட்டா சப்பானியர் துணையுடன் பெங்களூரில் பட்டுப் பண்ணை நிறுவினார். 1912இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சுவிட்சர்லாந்திலிருந்து விசைத்தறிகளை வரவழைத்து இங்கே ஆலை கண்டார். முதலில் அரண்மனைக்கும் படைகளின் அலங்காரத்திற்குமே நெய்யப்பட்ட துணி அது. 1980இல் ஆலை கர்நாடகப் பட்டுத்தொழில் கழகத்தின் கைக்கு வந்தது.

இதன் நுட்பம் முறுக்கில் உள்ளது. ஊடை நூல்களை வலமும் இடமுமாக மிகுதியாய் முறுக்கி, மாற்றி மாற்றி நெய்கின்றனர். பின்னர்த் துணியைக் காய்ச்சிப் பசை நீக்குங்கால், அடங்கியிருந்த முறுக்கு விடுபட முயல்கின்றது. அதனாலேயே அந்த மெல்லிய சுருக்கமும், உடலோடு ஒட்டி வழியும் குழைவும் பிறக்கின்றன. காஞ்சிப் பட்டோ வேறு இயல்பினது; கனமும் விறைப்பும் கொண்டது, கரையையும் உடலையும் கோர்வையால் இணைப்பது. நம் வீட்டுத் திருமணங்களில் இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று பெண்வீட்டாரும் பிள்ளைவீட்டாரும் வழக்காடுவதை நாம் அறிவோம். ஆனால் காஞ்சித் தறியில் ஏறும் பட்டு நூலில் பெரும்பகுதி இக்கன்னட மண்ணின் மல்பெரி இலையில் விளைந்ததன்றோ! காவிரிக்காகக் குரலுயர்த்துவோர் இவ்விழையையும் சற்றே எண்ணலாகாதா?

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். கூட்டிலிருந்து இழை எடுப்போர் கொதிநீரில் விரல் விட்டே தலைப்பைத் தேடினர். கொப்புளம் கண்ட அக்கைகளுள் குழந்தைகளின் கைகளும் இருந்தன. கடனுக்கு ஈடாகக் கட்டுண்ட சிறுவர்கள் கர்நாடகத்திலும் காஞ்சியிலும் பட்டுத்தொழிலில் உழைத்ததை 2003இல் வெளிவந்த மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை விரித்துரைத்தது. பட்டின் பளபளப்பைப் போற்றும் நாம் அதனைப் படிக்காமல் விட்டது முறையன்று.

2005இல் மைசூர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் அப்பெயரில் செயற்கை இழை விற்போர் குறையவில்லை. கழகத்தின் சேலை ஒவ்வொன்றிலும் அதற்குரிய எண் உண்டு. வாங்குங்கால் கேட்டுப் பாருங்கள். ஐயம் நீங்கவில்லையெனில் ஓர் இழையை எரியுங்கள்: தூய பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் எழும், சாம்பல் விரலிடையே பொடியும், செயற்கை இழையாயின் உருகிக் கட்டியாகும்.