முத்துச்சிப்பியைக் கேட்போம்

தூத்துக்குடி முத்துக்கு அந்த ஒளி எப்படி வந்தது? சிப்பி அடுக்கடுக்காகப் படியவைக்கும் சுண்ணாம்புத் தகடுகளால் வந்தது. ஒரு தகட்டின் கனம் ஏறத்தாழ 500 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான நானோத் துகள்களை இன்று சன்ஸ்கிரீனிலும் பெயிண்டிலும் மருந்திலும் சேர்க்கிறார்கள். இயற்கையே இத்தனை நுண்மையாக வேலை செய்யும்போது இந்தத் துகள்களுக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஆனால் முத்தின் தகடுகள் புரதப் பசையில் இறுகிக் கிடப்பவை. அவிழ்ந்து திரியும் துகளோ செல்லுக்குள் புகுந்துவிடக்கூடும். அதற்காக எல்லாத் துகளும் நஞ்சு என்றும் சொல்லிவிட முடியாது. துத்தநாக ஆக்சைடு கரைந்து, வெளிவரும் துத்தநாகத்தால் செல்லைத் தாக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு கரைவது அரிது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட கார்பன் நுண்குழாய்கள் எலிகளின் வயிற்றறைச் சவ்வில் கல்நார் போலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையாகச் சுருண்டவை அப்படிச் செய்யவில்லை. பொருள் ஒன்றுதான், வடிவம் மாறியதும் விளைவும் மாறிவிட்டது. ஆகவே எந்தப் பொருள், என்ன வடிவம், கரையுமா, எவ்வளவு, எந்த வழியாக உள்ளே போகிறது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

ஆய்வுக்கூடத் தட்டில் செல்களின்மேல் அளவுக்கு மீறித் துகளைக் கொட்டிவிட்டு ஆபத்து என்கிறார்கள், கடலில் அப்படியா நடக்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. உப்புநீரில் நானோத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. ஆனால் முத்துச்சிப்பிகள் வாழும் பார்கள் எனும் பாறைத் திட்டுகளும் அந்த அடித்தளத்தில்தானே இருக்கின்றன! சிப்பி கடல்நீரைச் செவுளால் வடிகட்டி இரை தேடுகிறது. நீரோடு வரும் துகளை அதன் இரத்த அணுக்கள் விழுங்குகின்றன. அந்த அணுக்களை எடுத்துச் சிவப்புச் சாயம் ஊட்டினால், நலமான செல் சாயத்தைத் தன் செரிமானப் பைகளுக்குள் பிடித்து வைத்திருக்கும்; அடிபட்ட செல்லில் சாயம் சீக்கிரமே வெளியே கசிந்துவிடும். தட்டில் கிடக்கும் செல்லைவிட, கடலோடு வாழும் உயிரின் செல் நம்பகமான சாட்சி.

அந்தச் சாட்சியை விசாரிக்கத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான இடம் எது? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் முத்து வளர்த்ததும், 1981-இல் சிப்பிக் குஞ்சு பொரித்ததும் இந்தக் கரையில்தான். இங்குள்ள உண்ணும் சிப்பியிலும் உப்பிலும் நுண் பிளாஸ்டிக் இருப்பதை உள்ளூர் ஆய்வாளர்களே கண்டு சொல்லிவிட்டார்கள். நானோவைவிடப் பெரிய துகளுக்கே வழி திறந்திருக்கிறது என்றால், சிறியதற்குக் கேட்கவா வேண்டும்? ஒரு நானோப் பொருள் கப்பல் பெயிண்டிலோ சன்ஸ்கிரீனிலோ சேருமுன், நம் கடல்நீரில், நம் சிப்பியில், குறைந்த அளவில், நீண்ட நாள் சோதிக்கப்பட வேண்டும். கடலில் கலந்த துகளை யாராலும் திரும்ப அள்ள முடியாது.