துள்ளிசையில் கலப்புமொழியும் மொழி கற்கும் திறனும்

 

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை வளர்த்துவரும் இவ்வட்டத்தில், இளைஞர் நாவில் புரளும் துள்ளிசைப் பாடல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் என் வகுப்பறையில் நான் காண்பது இதுதான்: செய்யுட்பகுதியில் நான்கு வரி ஒப்புவிக்கத் திணறும் மாணவர், பாட்டென்றால் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் பாடிவிடுகின்றனர்.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என மொழித்திறனை நான்காக வகுப்பர். மெட்டு, தாளம், மீண்டும் மீண்டும் வரும் பல்லவி ஆகிய மூன்றும் சேர்ந்து சொல்லையும் ஒலியையும் நெஞ்சில் நிறுத்துகின்றன. இலங்கைத் துள்ளிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்தது. சிங்களம் அறியாத தமிழ்நாட்டு மக்களும் அதனை விரும்பிப் பாடினர். எனினும் அப்பாட்டினால் அவர்கள் சிங்களம் பேசக் கற்றுவிடவில்லை. பாட்டு, தன்னுள் இருப்பதையே தரும். வாக்கியத்தின் கட்டு பாட்டில் இல்லையெனில், கேட்பவர்க்கும் அது வாய்ப்பதில்லை.

மொழிக்கலப்பு நமக்குப் புதிதன்று. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைச் சொற்களைக் கூறும் தொல்காப்பியர், வடசொல்லைத் தமிழெழுத்துக்கு இசைய எடுத்தாளவும் விதி செய்தார். வைணவ உரையாசிரியர்கள் மணிப்பிரவாள நடையில் எழுதினர். அந்நடையை மறுத்து, 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். இவ்விரு மரபுகளுக்கும் வாரிசுகள் நாம். ஆகவே, ‘கலந்துவிட்டது’ என்று அழுவதோ ‘கலந்தால் என்ன’ என்று கைவிரிப்பதோ ஆய்வாகாது. எது கலக்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

2011ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாடலை நினைவுகூருங்கள். தனுஷ் பாட, அனிருத் இசையமைத்தது. அதில் ஆங்கிலச் சொற்கள் மிகுதி. ஆயினும் அவற்றுள் பலவற்றின் ஈற்றில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. வல்லின மெய் தமிழில் சொல்லுக்கு ஈறாகாது என்னும் பழைய விதி, இலக்கணம் அறியாத இளைஞர் நாவிலும் இன்றுவரை வேலை செய்கிறது! ஒலியமைப்பில் தமிழ் அத்துணை எளிதில் தோற்பதில்லை.

பெயர்ச்சொற்களாலும் பெருங்கேடு விளையவில்லை. சாவி, அலமாரி, மேசை ஆகியவை போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. நாம் ‘மேசையில்’, ‘சாவியால்’ என்று தமிழ் உருபு சேர்த்து அவற்றை நம் வீட்டுப் பொருளாக்கிக்கொண்டோம்.

என் கவலை வினைச்சொல்லைப் பற்றியது. நடந்தேன், உண்டேன், சென்றேன், பாடினேன் என்னும் நான்கிலும் இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் முறையே த், ட், ற், இன். நன்னூல் வகுத்த இவ்வேறுபாடே தமிழ் கற்போர்க்குக் கடினமான படி. ஆங்கில வினையோடு ‘பண்ணு’ சேர்ந்துவிட்டாலோ, ‘வாக் பண்ணினேன்’, ‘ஈட் பண்ணினேன்’ என எல்லாவற்றுக்கும் இன் ஒன்றே போதும் என்றாகிறது. மற்ற மூன்றையும் நாவு பழகுவதற்கு வாய்ப்பே இல்லாமற் போகிறது. போவது ஒரு சொல்லன்று. வாக்கியத்தை முடிக்கும் ஆற்றல்.

என் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். என் தமக்கையின் மகள் புனேயில் வளர்பவள். தமிழ்ப் பாட்டு ஐம்பதாவது அறிவாள். கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தவள் என் தாயாரைக் கட்டிக்கொண்டு, “ஆச்சி, ஒங்கள ரொம்ப மிஸ் பண்ணினேன்” என்றாள். என் தாயாரோ, “எந்த மிஸ்ஸும்மா? ஒங்க பள்ளிக்கூடத்து மிஸ்ஸா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். குழந்தையின் முகம் மட்டும் வாடிவிட்டது. அவள் சொல்ல வந்தது அன்பு. அது போய்ச் சேரவில்லை. “ஒங்க நெனப்பாவே இருந்தேன்னு சொல்லு” என்று அவள் காதில் சொன்னேன். சொன்னாள். என் தாயார் அவளை மடியில் இழுத்து அமர்த்திக்கொண்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் அறிந்த ஐம்பது பாட்டில் ஒன்றேனும் அந்தத் தொடரை அவளுக்குத் தந்திருக்கக் கூடாதா?

அதன்பின் வகுப்பில் ஒரு பயிற்சி தொடங்கினேன். மாணவர் தமக்குப் பிடித்த பாடலை எழுதி, ‘பண்ணு’ வரும் இடங்களில் தாளம் கெடாமல் தமிழ் வினையை இட வேண்டும். முதலில் முனகியவர்கள் பிறகு போட்டியிட்டுச் செய்தனர். ‘போன் பண்ணினான்’ என்பதற்கு அழைத்தான், கூப்பிட்டான், குரல் தந்தான் என மூன்று விடைகள் வந்தன. பேசப்படாமையால் மறந்திருந்த சொற்களே அவை. சில இடங்களில் பொருத்தமான சொல் அகப்படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவ்விடங்களே கவிஞர்க்கு உரியவை.

எனவே, இவ்வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டின் கூட்டங்களில் திங்களுக்கு ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பாடத்தக்க மெட்டில், அவ்வினை மூன்று காலத்திலும் வருமாறு ஒரு பாட்டு எழுதுங்கள். பெயர்ச்சொல் எதுவாயினும் இருக்கட்டும். வினை தமிழாக இருக்கட்டும். ஓராண்டில் பன்னிரண்டு பாடல்கள் கிடைக்கும். அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வது என் பொறுப்பு.

ஆச்சியும் பேத்தியும் ஒருவர்க்கொருவர் விளங்கப் பேச, அப்பன்னிரண்டு பாடல்கள் ஒரு தொடக்கமாகட்டும்.