முதலமைச்சர் இல்லாத தீவுகள்

(தென்னேரியில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் ஏரியின் மதகு பழுதானால் யாரிடம் போவீர்கள்? ஊராட்சித் தலைவரிடம். அவர் அசையவில்லை என்றால் எம்.எல்.ஏ.விடம். அவரும் அசையவில்லை என்றால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வீர்கள். அந்த எம்.எல்.ஏ.க்களின் ஆதரவில்தான் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ஆக, கோட்டையில் இருப்பவரின் காலுக்கும் உங்கள் கைக்கும் இடையே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. நாம் அதை இழுக்கிறோமா என்பது வேறு விஷயம்.

அந்தக் கயிறே இல்லாத ஊர் நம் நாட்டில் இருக்கிறது. லட்சத்தீவைச் சொல்கிறேன்.

கேரளக் கரைக்கு மேற்கே அரபிக் கடலில் 36 தீவுகள். அவற்றில் 10 தீவுகளில் மட்டுமே மக்கள் வசிக்கிறார்கள். மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 64,473. நூற்றுக்கு 96 பேருக்கு மேல் முஸ்லிம்கள். யாரோ எவரோ என்று எண்ணிவிடாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை அவர்களும் நமது சென்னை மாநிலத்துக்காரர்கள்தாம். மலபார், தென் கன்னடம் ஆகிய இரண்டு மாவட்டங்களில் அத்தீவுகள் சேர்ந்திருந்தன. அன்றுதான் யூனியன் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டன.

அங்கே முதலமைச்சர் கிடையாது. சட்டசபை கிடையாது. அரசாங்கத்தின் தலைவர் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' எனப்படும் நிர்வாகி. அரசியல் சட்டத்தின் 239ஆம் பிரிவின்படி ஜனாதிபதி அவரை நியமிக்கிறார். அதாவது டெல்லி நியமிக்கிறது. 240ஆம் பிரிவின்படி தீவுகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டங்களை ஜனாதிபதியே பிறப்பிக்கலாம். அவை நாடாளுமன்றச் சட்டத்துக்குச் சமம். தீவு மக்கள் அனுப்புவது மக்களவைக்கு ஓர் உறுப்பினர். அவரைக்கூட 1967 வரை நியமித்துத்தான் அனுப்பினார்கள். அவ்வாண்டு நடந்த முதல் தேர்தலில் இளைஞராக வென்ற பி.எம். சயீத், தொடர்ந்து பத்து முறை வென்றார். மக்களவைத் துணை சபாநாயகராகவும் இருந்தார். அவ்வளவு பெரியவர் ஆன பிறகும் தம் சொந்தத் தீவின் நிர்வாகியை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

'ஆள்பவர் நம்மவராக இருந்தால் சரியாகிவிடும்' என்று சில இளைஞர்கள் நினைக்கிறீர்கள். வரலாற்றைப் பாருங்கள். அந்தத் தீவுகளை ஒரு காலத்தில் ஆண்டது கண்ணனூர் அரக்கல் முஸ்லிம் அரச குடும்பம். தீவு மக்கள் திரித்த கயிற்றை அரண்மனைக்குத்தான் விற்க வேண்டும். வேறு யாருக்கும் விற்கக் கூடாது. வாங்குபவரும் அவரே, விலை வைப்பவரும் அவரே. வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! பொறுக்க முடியாமல் 1783இல் அமினித் தீவுக்காரர்கள் சிலர் மங்களூருக்குத் தோணி ஏறிப் போய், தங்களை ஏற்றுக்கொள்ளும்படி திப்பு சுல்தானிடம் முறையிட்டார்கள். ஆண்டவரும் முஸ்லிம், ஆளப்பட்டவரும் முஸ்லிம். பின்னால் வந்த வெள்ளைக்காரரும் அந்தக் கயிற்று ஏகபோகத்தை விடவில்லை.

சுதந்திர இந்தியாவில் நல்ல நிர்வாகிகளும் வந்திருக்கிறார்கள். கோழிக்கோட்டில் உட்கார்ந்து நடத்திய நிர்வாகம் மூர்க்கோத்து ராமுண்ணி காலத்தில், 1964இல், கவரத்திக்கே வந்தது. ஆனால் நல்லவர் வந்தது மக்களின் அதிர்ஷ்டம், உரிமை அல்ல.

அதிர்ஷ்டம் மாறினால் என்ன ஆகும் என்பதை 2021 காட்டியது. குஜராத்தில் அமைச்சராக இருந்த பிரபுல் கோடா படேல் 2020 டிசம்பரில் பொறுப்பேற்றார். சில மாதங்களில் வரைவுச் சட்டங்கள் வரிசையாக வந்தன. வளர்ச்சிக்கு என்று எந்த நிலத்தையும் திட்டப் பகுதியாக்க ஒன்று. விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்க ஒன்று. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கத் தடை விதிக்க ஒன்று. பசுவதைத் தடைக்கு ஒன்று. மாலத்தீவு போல சுற்றுலாவை வளர்க்கிறோம் என்றது அரசு. மே 31 அன்று கேரள சட்டசபை ஒருமனதாக எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜூன் 7 அன்று தீவு மக்கள் 12 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். தீர்மானம் போட அவர்களுக்கென்று ஒரு சபை இல்லை; பக்கத்து மாநிலச் சபை போட வேண்டியிருந்தது.

பள்ளிச் சத்துணவில் இறைச்சியை நிறுத்தியதும் அப்போதுதான். முட்டையும் மீனும் உண்டு என்றது நிர்வாகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இது அரசின் கொள்கை முடிவு, நாங்கள் தலையிட முடியாது என்று 2023 செப்டம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதிகள் சொன்னதில் குறை காண முடியாது. கொள்கை பிடிக்கவில்லையென்றால் மக்கள் தேர்தலில் பதில் சொல்வார்கள் என்பதுதான் அதன் பொருள். எந்தத் தேர்தலில், சகோதரர்களே? அந்தக் கொள்கையை வகுத்தவர் எந்தத் தேர்தலில் நிற்கிறார்?

'அறுபதாயிரம் பேருக்கு ஒரு முதலமைச்சரா?' என்று கேட்பார்கள். பக்கத்திலேயே பதில் இருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயின் பரப்பு 9 சதுர கிலோமீட்டர். 2011இல் மக்கள் 41,816 பேர். அங்கே ஓர் எம்.எல்.ஏ. உண்டு; முதலமைச்சர் யார் என்பதில் அவருக்கும் ஒரு வோட்டு உண்டு. பசிபிக் கடலில் நியூவே என்ற தீவில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. நியூசிலாந்தின் ஆதரவில் இருந்துகொண்டே 1974 முதல் தங்கள் பிரதமரைத் தங்கள் சபை வழியே தேர்ந்தெடுக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: ஆஸ்திரேலியாவின் நார்ஃபோக் தீவுக்கு 1979இல் கிடைத்த சட்டசபை, கஜானா காலியானதும் 2015இல் கலைக்கப்பட்டது. பணம் ஒரு பிரச்சினைதான். அதற்காக வோட்டே வேண்டாம் என்பது, கடையில் நஷ்டம் வரலாம் என்று சாவியை அடுத்தவனிடம் கொடுப்பது போல.

அந்தமானுக்கும் இதே கதிதான். நம் தமிழர் ஏராளமாக வாழும் அங்கே 2011இல் 3,80,581 பேர். சட்டசபை இல்லை; லெப்டினன்ட் கவர்னர் ஆள்கிறார்.

உங்கள் மாவட்டத்திலேயே உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். நிலமும் வீடும் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த வாய்ப்பு என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் ஏரியைப் பார்க்கும் ஆள் உள்ளூரிலிருந்து வந்தார்.

லட்சத்தீவுக்குச் சட்டசபை வேண்டுமானால் 239ஏ பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். தீவிலிருந்து போகிறவர் ஒருவர். தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் போகிறார்கள். உங்கள் தொகுதி எம்.பி. இந்தப் பக்கம் வரும்போது, மதகைப் பற்றிக் கேளுங்கள். அப்படியே இதையும் கேளுங்கள்.