பெயர் மறைக்கும் மென்பொருளும் அதன் எல்லையும்



டார் என்னும் மென்பொருளைக் கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டால் தன்னை எவரும் அறிய இயலாது என்று நம் மாணவர் சிலர் நம்புகின்றனர். தமக்கு நேர்ந்த கொடுமையை எழுதினால் ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் தீங்கு வருமே என்று அஞ்சுவோருக்கு இக்கருவி தேவையானதே. ஆயினும், மறைந்திருக்கிறோம் என்று நினைப்பவன் எச்சரிக்கையைக் கைவிடுகிறான். ஆபத்து அங்கேதான் பிறக்கிறது.

அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் தோன்றிய கருத்து இது. ஒரு கடிதத்தை மூன்று உறைகளுக்குள் இட்டு, மூவர் கைமாற்றி அனுப்புவதற்கு ஒப்பானது. முதலாமவர் அனுப்புநரை அறிவார், சேருமிடத்தை அறியார். மூன்றாமவர் சேருமிடத்தை அறிவார், அனுப்புநரை அறியார். வழி மறைகிறது என்பது உண்மை. ஆனால் வந்து சேர்ந்த பக்கம் நம் பொறிக்குள் என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி.

1995இல் உருவான ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி, இணையப் பக்கத்தோடு கட்டளைகளையும் அனுப்பி, அவற்றை நம் உலாவியிலேயே இயங்கச் செய்கிறது. தபால்காரர் வாசலில் கடிதம் தந்து செல்வதற்கும், வீட்டினுள் வந்து அமர்வதற்கும் உள்ள வேறுபாடு இது. உலாவியில் ஓட்டை இருந்தால் அமர்ந்தவர் அலமாரியையும் திறப்பார்.

2013 ஆகஸ்டில் அதுவே நிகழ்ந்தது. ஃப்ரீடம் ஹோஸ்டிங் என்னும் மறைசேவையின் பக்கங்களில் ஒரு நிரல் புகுத்தப்பட்டது. பழைய டார் உலாவியை விண்டோஸில் வைத்திருந்தோரின் உண்மையான ஐ.பி. எண்ணையும் பொறியின் பெயரையும் அது டார் வழியை விட்டு விலகி நேரே வெளியே அனுப்பிவிட்டது. அமெரிக்கப் புலனாய்வுத் துறை குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பரப்பியோரைத் தேடியது. அதில் குறை காண மாட்டேன். எனினும் டார்மெயில் என்ற அஞ்சல் சேவையும் அங்கேதான் இருந்தது. கடிதம் பார்க்க வந்தோருக்கும் அதே நிரல் வழங்கப்பட்டது. அந்த ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு ஜூன் மாதமே வெளிவந்திருந்தது! நோஸ்கிரிப்ட் என்னும் தடுப்பும் உலாவியில் இருந்தது. ஆனால் பக்கங்கள் பழுதின்றித் தெரியவேண்டும் என்பதற்காக எல்லா நிரல்களையும் அனுமதிக்கும்படியே அது அமைக்கப்பட்டிருந்தது.

இன்று அவ்வுலாவியில் மூன்று பாதுகாப்பு நிலைகள் உள்ளன. முதல் நிலை அனைத்தையும் அனுமதிக்கும். இரண்டாவது, மறையாக்கம் இல்லாத தளங்களில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தும். மூன்றாவது எங்கும் நிறுத்தும். மூன்றாவதில் பல தளங்கள் இயங்கா. உயிருக்கு அஞ்சி எழுதுவோர் அச்சிரமத்தைப் பொறுக்கவே வேண்டும். நிலையை மட்டும் மாற்றுங்கள். நோஸ்கிரிப்டைத் தளந்தோறும் தம் விருப்பப்படி திருத்துவோர் கூட்டத்தில் தனித்த சட்டை அணிந்தவராகிவிடுவர்.

நிரலே இன்றி அகப்பட்டவரும் உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தேர்வைத் தள்ளிவைக்க டார் வழியே பொய்யான வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். கடிதம் யாருடையது என்று டார் காட்டவில்லை. ஆனால் பல்கலைக்கழக வலையில் அவ்வேளையில் டாரைத் தொட்டவர் யார் என்ற பதிவு இருந்தது. விசாரித்ததும் ஒப்புக்கொண்டார். விடுதி வலையில் டாரைத் திறப்போர் இதனை நினைவிற் கொள்க.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, அதே உலாவியில் தம் சொந்தப் பெயரிலுள்ள மின்னஞ்சல் கணக்கைத் திறப்போரும் உளர். அவர் பெயரைக் கண்டுபிடிக்க ஓட்டையும் வேண்டியதில்லை, நிரலும் வேண்டியதில்லை.